முள்ளங்கிப் பச்சடிக்கு மூன்று ரிப்போர்ட்

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் லேபுக்குப் பனியன்தான் சோறு போடுகிறது. சாயம் போகிறதா, சுருங்குகிறதா, இழுத்தால் கிழிகிறதா என்று நாள் முழுக்கத் துணியைத் தோய்ப்பதும் தேய்ப்பதுமாக ஒரு பெரிய கூடம். அந்தக் கூடத்தின் கோடியில், பழைய ஸ்டோர் ரூமை ஒழித்துக் கொடுத்த இடத்தில், ‘உணவுப் பிரிவு’ என்று ஒரு போர்டு தொங்கும். அந்தப் பிரிவு மொத்தமும் நான் ஒருத்திதான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் பனியனோடு நிற்காமல் கம்பெனி கேன்டீனையும் ஆடிட் பண்ண ஆரம்பித்தபோது, எங்கள் ஓனர், “துணியை டெஸ்ட் பண்றவனுக்குச் சோத்தை டெஸ்ட் பண்ணத் தெரியாதுங்களா?” என்று கேட்டுவிட்டு ஒரு மெஷினை வாங்கிப் போட்டார். கோயமுத்தூரில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னையும் மெஷினோடு சேர்த்து வாங்கிப் போட்டார்.

ஓனர் ஒரு காலத்தில் சாயப்பட்டறை மாஸ்டர். எதைப் பார்த்தாலும் அவர் கண்ணில் முதலில் படுவது நிறம்தான். என் கல்யாணத்துக்கு வந்தவர் மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “வேட்டிக்கும் சட்டைக்கும் ஒரு ஷேடு வித்தியாசம் இருக்குதுங்க அம்மிணி” என்று காதில் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன். பாக்டீரியாவைப் பற்றி மட்டும் அவரிடம் பேசக்கூடாது.

ஒருநாள் காலையில் நான் உள்ளே நுழையும்போதே வரவேற்பறையில் சண்டை. ரொம்ப மரியாதையான சண்டை. எங்கள் பக்கத்தில் அடிக்கப் போகிறவர்கூட “அடிச்சுப்போடுவனுங்க” என்று சொல்லித்தான் கையை ஓங்குவார். ஒரு பக்கம் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி எம்.டி., எங்கள் லேபின் பெரிய வாடிக்கையாளர். மறுபக்கம் அவருடைய கம்பெனியில் கேன்டீன் நடத்தும் அக்கா.

“எம்பட சோத்துல விசம் இருந்துச்சுன்னா நான் இந்நேரம் போய்ச் சேந்திருப்பனுங்க. அதே சோத்தத்தான் நானும் தின்னனுங்க!” என்று அக்கா கத்தினாள்.

“விசம்னு நான் எங்கீங்க சொன்னேன்? டெஸ்ட் பண்ணிப் பாத்துப்போட்டுப் பேசலாம்னுதானுங்க சொல்றேன்” என்றார் எம்.டி.

நடந்தது இதுதான். முந்தின நாள் மதியச் சாப்பாடு முடிந்து, மூன்று மணி டீயும் முடிந்த நேரத்தில், செக்கிங் செக்ஷனில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசையாக. டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றி, எல்லோரும் அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் டாக்டர் போகிறபோக்கில் “சாப்பாட்டுல ஏதோ இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எம்.டி.யின் மச்சான், அதாவது அவர் சம்சாரத்தின் தம்பி, அந்தக் கேன்டீன் மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவர். டாக்டரின் வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் அவர் வந்து இறங்கிவிட்டாராம். ரிப்போர்ட் ஃபெயில் என்று வந்தால் அக்கா சாவியைக் கொடுத்துவிட வேண்டும், மச்சான் எடுத்துக்கொள்வார் என்று பேச்சு முடிந்திருந்தது.

அக்கா மூலனூர்க்காரி. விவசாயக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்து, கேன்டீனுக்குப் பின்னாலிருக்கும் அறையில்தான் குடியிருந்தாள். சாவி போனால் அடுப்பும் போகும், கூரையும் போகும். அது அவள் கத்தலிலேயே தெரிந்தது.

“சாம்பிளெல்லாம் எங்கே?” என்று எங்கள் வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் நான் கிளம்பிப் போன பிறகு வந்திருந்தன.

“கண்டிஷனிங் ரூம்ல வெச்சிருக்கனுங்க்கா.”

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. துணியை எடை போடுவதற்கு முன்னால், காற்றின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் அது பழகட்டும் என்று ஒரு ரூமில் ராத்திரி முழுக்கப் படுக்க வைப்போம். ஜில்லென்றும் இருக்காது, சுடவும் சுடாது. மனுஷன் படுத்தால் எழுந்திருக்க மனசு வராத ரூம் அது. அங்கே, டீ-சர்ட்டுகளுக்கு நடுவே, பாலிதீன் பையில் சாம்பாரும் பொரியலும் முள்ளங்கிப் பச்சடியும் சுகமாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் அட்டை ஸ்டேப்பிள் அடித்திருந்தது. ஸ்டைல்: சாம்பார். கலர்: எல்லோ. சைஸ்: ஃப்ரீ சைஸ்.

“சாம்பாருக்கு எதுக்குடி கண்டிஷனிங்? ஃப்ரிட்ஜுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?”

“எது வந்தாலும் மொதல்ல அங்கதானுங்க்கா வைப்போம். நீங்களும் ஒண்ணும் சொன்னதில்லீங்களே.” அவள் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் திட்ட முடியவில்லை.

ராத்திரி முழுக்க அந்த ரூமில் ஒரு பாக்டீரியா பத்தாகி, பத்து லட்சமாகி, பேரன் பேத்தி எடுத்திருக்கும். இனி அதை டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம்? நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது அக்காதான் கேட்டாள்: “கவுன்டர் சாம்பிள் ஆகாதுங்களா?”

பனியன் தொழிலில் எதை அனுப்பினாலும் அதிலேயே ஒரு துண்டைச் சீல் வைத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வார்கள். நாளைக்குப் பையர் சண்டைக்கு வந்தால் எடுத்துக் காட்ட வேண்டுமே. போன ஆடிட்டில் வந்த ஆள் கேன்டீனுக்கும் அதே சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். தினமும் எல்லா ஐட்டத்திலும் ஒரு கிண்ணம் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். “ஐஸ்கிரீம் வெக்கற எடத்துல ரசத்த வெக்கச் சொன்னா என்ன பண்றதுங்க, வயித்தெரிச்சலோட வெச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்” என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மீன்காரரிடம் ஐஸ் பெட்டி கடன் வாங்கிக் கிண்ணங்களை வரவழைத்தேன்.

சோற்றில் விஷத்தைப் பிடிக்க எங்களிடம் மூன்று வழி இருந்தது. முதல் வழி ஸ்ட்ரிப். சோற்றைக் கரைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் ஒரு அட்டைப் பட்டையை நனைத்தால் போதும். ஒரு கோடு வந்தால் விஷம் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். கவுன்டர் சாம்பிளில் சாம்பாருக்கு ஒரு கோடு. பொரியலுக்கு ஒரு கோடு. பச்சடிக்கும் ஒரு கோடு.

எம்.டி. பட்டையை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். “ஏனுங்க அம்மிணி, இது அந்த… பொம்பளைங்க வீட்டுல பாக்கற டெஸ்டாட்ட இருக்குதுங்களே. இதை வெச்சு எப்படீங்க முடிவு பண்றது? மெஷின்ல ஒரு ரிப்போர்ட் குடுங்க.”

இரண்டாவது வழி பிளேட். கஞ்சி போல ஒரு ஊட்டச்சத்தைக் கண்ணாடித் தட்டில் உறைய வைத்து, அதன் மேல் சாம்பிளைத் தடவி, சூட்டில் வைத்து ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். பாக்டீரியா இருந்தால் புள்ளி புள்ளியாக முளைக்கும். கவுன்டர் சாம்பிளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது, பயப்பட ஒன்றுமில்லை. கண்டிஷனிங் ரூமில் தூங்கியெழுந்த சாம்பிளையும் ஓனர் பதிவு போட்டுவிட்டதால் சேர்த்துத் தடவியிருந்தேன். அது மொட்டை மாடியில் வடகம் காயப் போட்ட மாதிரி இடைவெளியில்லாமல் முளைத்திருந்தது.

ஓனருக்கு அந்தப் பிளேட்டை விட்டுப் பிரிய மனசில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கறுப்பு டாட்டு, சுத்தியும் தெளிவா ஒரு பார்டரு. ஏனுங்க அம்மிணி, இதை அப்படியே பிரிண்ட் அடிச்சா பாப்பா டிரஸ் ஐட்டத்துக்கு அள்ளீட்டுப் போவாங்களே!” அப்புறம்தான் அவருக்கு ரிப்போர்ட் நினைவு வந்தது. “ஒண்ணு பாஸு, ஒண்ணு ஃபெயிலு. ரெண்டையும் கூட்டி ஆவரேஜ் போட்டுரலாமுங்களா?”

“ஆவரேஜ் போட்டா அந்தக்கா நடுத்தெருவுலதாங்க நிக்கணும்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். துணிப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

அன்றைக்கு அவருக்கும் ரிசல்ட் பார்க்க வந்த எம்.டி.க்கும் சேர்த்துப் பாடம் எடுத்தேன். பிளேட் எண்ணுவது பாக்டீரியாவை; வாந்தி வரவைப்பது பாக்டீரியா கக்கி வைத்த விஷம். இரண்டும் வேறு வேறு. சோற்றை மறுபடி கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துப்போகும், பிளேட்டில் ஒன்றும் முளைக்காது, ஆனால் கக்கிய விஷம் அப்படியே இருக்கும். பிளேட்டை மட்டும் நம்பினால் விஷச் சோறு பாஸாகும், தூங்கி எழுந்த நல்ல சோறு ஃபெயிலாகும். எம்.டி. கவனமாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “சரீங்க. அந்த விசத்துக்கு டாலரன்ஸ் எவ்வளவுங்க? துணி எடைக்கு, ஜி.எஸ்.எம்.முக்குக் குடுக்கற மாதிரி அஞ்சு பர்சன்ட் அக்கட்ட இக்கட்ட போலாமுங்களா?” என்றார்.

மூன்றாவது வழிதான் அவர் ஆசைப்பட்ட மெஷின். எலைசா. குட்டிக் குழிகள் நிறைந்த ஒரு தட்டு, பணியாரக் கல்லைச் சுருக்கியது போல இருக்கும். சாம்பிளை ஊற்றி, கழுவி, கிட்டோடு வரும் ஒரு நொதியை ஊற்றி, மறுபடி கழுவி, கடைசியில் ஒரு தண்ணீரை விட்டால், விஷம் இருக்கும் குழி நீலமாக மாறும். எவ்வளவு நீலமோ அவ்வளவு விஷம். அதை மெஷின் அளந்து சொல்லும்.

சாம்பார்க் குழி வெள்ளையாகவே இருந்தது. பொரியலும் அப்படியே. பச்சடிக் குழி என் கண் முன்னாலேயே நீலமாகி, கருநீலமாகி, இன்னும் கருத்தது.

ஓனர் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, துணிக்கு ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்கு ஓடினார். ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தார். “அப்பட்டமான மயில்கழுத்து” என்று அங்கிருந்தே கூவினார்.

ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை கத்தவில்லை. “அப்ப நான் சாமானத்த மூட்ட கட்டோணுமுங்களா அம்மிணி?” என்று மெதுவாகக் கேட்டாள். எம்.டி. அவளைப் பார்க்க முடியாமல், “பச்சடிய மட்டும் கொதிக்க வெச்சு ரீபிராசஸ் பண்ணிக்கலாமுங்களா?” என்று கேட்டார். அரை மணி நேரப் பாடம் அப்படியே காற்றோடு போனது தெரிந்தது.

ஸ்ட்ரிப் இல்லை என்கிறது, எலைசா இருக்கிறது என்று அலறுகிறது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சாம்பார் வெள்ளை, பொரியல் வெள்ளை, இரண்டும் வெந்தவை. பச்சடி மட்டும் வேகாதது. தயிரில் பச்சை முள்ளங்கி. முள்ளங்கி! அட கடவுளே என்று நான் கத்தியதில் வரவேற்பறைப் பெண் ஓடி வந்துவிட்டாள். அந்தக் கிட்டில் நீலம் வரவைக்கும் நொதியை எடுப்பதே குதிரைமுள்ளங்கி என்ற சீமைக் கிழங்கிலிருந்துதான். பரீட்சைக்கு உருப்போட்டு எழுதிவிட்டு மறந்துபோன சங்கதி. நம் ஊர் முள்ளங்கியும் அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான். அதே மாதிரி நொதி இதிலும் இருக்கிறது. கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, விஷம் இல்லாத குழியிலும் தானாக நீலம் போட்டுவிடும். ஸ்ட்ரிப்பில் அந்த நொதி வேலையே கிடையாது, அதனால்தான் அது ஏமாறவில்லை.

மார்க்கெட்டிலிருந்து ஒரு முள்ளங்கி வாங்கிவரச் சொன்னேன். அக்கா கை படாத, கேன்டீன் வாசல் மிதிக்காத முள்ளங்கி. அரைத்துக் குழியில் விட்டேன். கிட்டின் நொதியை ஊற்றவே இல்லை, கடைசித் தண்ணீரை மட்டும் விட்டேன். இருந்தும் நீலம்! எம்.டி. வாயைப் பிளந்தார். ஓனர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “சாயமே போடாம இப்பிடி ஒரு ப்ளூவுங்களா? ஒரு டன் துணிக்கு எத்தன முள்ளங்கி புடிக்கும்?” என்று கேட்டார்.

அந்த நொதியின் வாயைக் கட்ட ஓர் உப்பு உண்டு. அதைப் பச்சடிக் கரைசலில் சேர்த்து மறுபடி எலைசா போட்டேன். குழி வெள்ளை. சந்தேகம் வேண்டாமென்று, கிட்டோடு வந்த விஷத்தில் ஒரு துளியை அதே பச்சடியில் நானே கலந்து இன்னொரு குழியில் போட்டேன். அது மட்டும் நீலம் காட்டியது. உப்பு முள்ளங்கியைத்தான் அடக்கியிருக்கிறது, விஷத்தை மறைக்கவில்லை. பச்சடி பாஸ். அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள்.

“அப்பறம் அத்தன பேரும் ஏனுங்க வாந்தி எடுத்தாங்க?” என்றார் எம்.டி. நியாயமான கேள்வி.

வாந்தி எடுத்தவர்கள் எல்லோரும் செக்கிங் செக்ஷன். அன்றைக்கு அவர்கள் மட்டும் வேறு எதையாவது தின்றார்களா என்று கேட்டேன். அக்கா எம்.டி.யைப் பார்த்தாள். எம்.டி. கூரையைப் பார்த்தார்.

“ஷிப்மென்ட் முடிஞ்ச சந்தோசத்துல செக்கிங் புள்ளைங்களுக்கு மத்தியானம் ஒரு கேக்கு குடுத்தமுங்க” என்றார். “அது கடையில வாங்குனதில்லீங்க. ஊட்டுக்காரி பேக்கிங் கிளாஸ் போறாங்க. அவுங்களே முந்துன நாளு செஞ்சது. நடுவுல பால் கிரீமெல்லாம் வெச்சு. ஊட்டுல செஞ்சதுல என்னங்க இருக்கப் போவுது?”

“காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அதை எங்கே வெச்சிருந்தீங்க?”

“அயர்னிங் செக்ஷன்லீங்க. அங்கதான் எறும்பு ஏறாதுங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆவி பறக்கும் அயர்னிங் செக்ஷனில், பால் கிரீம்! “துண்டு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?”

இருந்தது. எம்.டி.க்குச் சர்க்கரை வியாதி. சம்சாரம் ஆசையாக ஒதுக்கித் தந்த துண்டைத் தின்னவும் முடியாமல், தின்னவில்லை என்று சொல்லவும் முடியாமல், ஆபீஸ் ஃப்ரிட்ஜில் ஃபைலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். எடுத்து வரச் சொல்லிப் போட்டேன். ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு, எடுப்பாக. பிளேட்டில் கறுப்புப் புள்ளிகள் திருவிழாக் கூட்டம். எலைசாவில் உப்புப் போட்டும் அடங்காத நீலம். திருப்பூரில் மூன்று பேர் ஒரே பேச்சைச் சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

எம்.டி. ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “சாவி அக்காகிட்டயே இருக்கட்டுமுங்க. மச்சானுக்கு நான் சொல்லிக்கறேன்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “கேக்கு சமாசாரம் மட்டும் இந்த ரூம விட்டுப் போவேண்டாமுங்க அம்மிணி. ஊட்டுக்குத் தெரிஞ்சா நான் அங்க இருக்கவே முடியாதுங்க.” அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. கேன்டீன் சாப்பாடு பாஸ் என்று இங்கிலீஷில் ஒரு தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அப்படியானால் வாந்தி எதனால் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. யார் நம்புவார்கள்? அடுத்த வாரம் அக்கா லேப் வாசலில் வந்து நின்றாள், முகம் இருண்டு கிடந்தது.

“ஒருத்தருமே சாப்புட வாரதில்லீங்க அம்மிணி. பன்னும் பிஸ்கட்டும் வாங்கித் தின்னுக்கறாங்க. அண்டா அண்டாவா மிஞ்சுது. ஆளே திங்காத கேன்டீன எதுக்கு வெச்சிருக்கறீங்கன்னு மச்சான் மறுபடி வந்துட்டாருங்க. உம்பட மெஷினு சொன்னது அவுங்க காதுல ஏறலீங்க. நீ வந்து அவுங்க முன்னால உக்காந்து சாப்புடு கண்ணு.”

போனேன். மதியம் பெல் அடித்ததும் ஹால் நிறைந்தது, ஆனால் ஒரு தட்டும் நகரவில்லை. எல்லோர் கையிலும் பன். நடுவில் ஒரு மேஜையில் நான், எனக்கு முன்னால் சோறு, சாம்பார், கிண்ணம் நிறைய முள்ளங்கிப் பச்சடி. ஒரு உண்மையைச் சொல்கிறேன்: முள்ளங்கி வாசனையே எனக்கு ஆகாது. சமையலறையில் அது வெந்தால் நான் தெருவில் நிற்பேன். அக்கா கரண்டியும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் போட்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து முன் வரிசையில் ஒரு பெண் “ஐயோ” என்றாள்.

“நல்லா இருக்கு!” என்று சத்தமாகச் சொன்னேன். அழுகை வராத குறை.

கிண்ணம் காலியானது. கூட்டம் என்னைச் சுற்றி நின்று, நான் எப்போது விழுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒடிசாப் பெண் ஒருத்தி, “தீதி, டீக் ஹோ?” என்று இந்தியில் நலம் கேட்டாள். தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன், “யக்கா, தலை கிலை சுத்துதா?” என்றான். சுத்தவில்லை என்றேன். தலையாட்டிக்கொண்டார்கள், பன்னைக் கடித்துக்கொண்டார்கள். யாரும் தட்டை எடுக்கவில்லை. அக்காவின் கரண்டி மெல்லத் தாழ்ந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அந்தக் கேக்கைப் பற்றி இங்கேயே போட்டு உடைத்துவிடலாமா என்று நாக்கு துடித்தது.

வாசலில் எம்.டி. நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அக்காவைப் பார்த்தார், நிரம்பி நிற்கும் அண்டாவைப் பார்த்தார், ஹாலின் நடுவே வந்தார்.

“கேக் கராப் தா” என்றார். தெரிந்த அரைகுறை இந்தியில்தான். “கேக்… மேரா கர் கா. கேன்டீன் கானா அச்சா ஹை.” அப்புறம் தமிழுக்கு மாறினார். “தப்பு எம்பட ஊட்டுக் கேக்குலதானுங்க. அக்கா மேல ஒரு தப்பும் இல்லீங்க. இத அன்னைக்கே சொல்லியிருக்கோணும்.”

இந்நேரம் யாராவது அவர் வீட்டுக்குப் போன் போட்டிருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போகிற நிலைமை இல்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போய் நீட்டினார்.

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் கரண்டி அசையவில்லை.

“வரிசைல வாங்க சாமி” என்றாள்.

எம்.டி. திரும்பிப் பார்த்தார். வரிசை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒடிசாப் பெண் பன்னை மேஜையில் வைத்துவிட்டு ஒரு தட்டை எடுத்து, அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் தட்டுகள் மோதும் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது, வரிசை வாசல் வரை நீண்டது. எம்.டி. தட்டோடு நடந்து போய்க் கடைசியில் நின்றார்.

அவர் முறை வருவதற்குள் பச்சடி தீர்ந்துவிட்டது.